காரோட்டும் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே துணை: டெக்சாஸ் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கிறோம். என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கார் விபத்தில் பிள்ளைகள் சாகக்கூடாது என்பதற்காக மாணவர்களே நடத்தும் குழு ஒன்று அவள் பள்ளியில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவள் அதில் இருக்கிறாள். கூடமாட உதவும் பெற்றோரில் நானும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது மற்ற அம்மா அப்பாக்கள் இதைப் பற்றி நிறைய கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது டிரைவிங் ஸ்கூல் மாதிரியா?

இல்லை. இங்கே யாரும் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுத்தருவதில்லை. பள்ளியில் ரோபோ குழு, விவாதக் குழு இருப்பதுபோல இதுவும் ஒரு மாணவர் குழு. தங்கள் வயதுப் பிள்ளைகள் சாலையில் ஏன் அடிபடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதைத் தங்கள் பள்ளிக்குத் தங்கள் பாஷையில் சொல்வதுதான் அவர்களுடைய வேலை. பெரியவர் ஒருவர், அநேகமாக ஓர் ஆசிரியர், பொறுப்பாளராக இருப்பார். ஆனால் என்ன செய்வது, எப்படிச் சொல்வது என்பதைப் பிள்ளைகள்தான் முடிவு செய்வார்கள்.

போலீஸ்காரரோ ஆசிரியரோ சொன்னால் போதாதா? பிள்ளைகளே ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நானும் இதைத்தான் கேட்டேன்.

பிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜேசன் செயின், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்களும் அவர்களுடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். பதின்ம வயதினர், இளைஞர், பெரியவர் என மூன்று வயதினரையும் கணினியில் கார் ஓட்டச் சொன்னார்கள். வழியெல்லாம் சிக்னல்கள். மஞ்சள் விளக்கு விழும்போது நிற்கலாம், துணிந்து தாண்டியும் போகலாம். ஒவ்வொருவரும் இரண்டு முறை ஓட்டினார்கள். ஒருமுறை தனியாக, இன்னொரு முறை நண்பர்கள் பார்க்க. அந்த நண்பர்கள் பக்கத்தில்கூட இல்லை, அடுத்த அறையில் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். அதற்கே பதின்ம வயதினர் மட்டும் தனியாக ஓட்டியதைவிட அதிகமாகத் துணிந்து தாண்டினார்கள், அதிகமாக மோதினார்கள். மூளைப் படத்தைப் பார்த்தால், பரிசுக்கு மகிழும் பகுதிகள் அவர்களுக்குக் கூடுதலாக வேலை செய்தன. பெரியவர்களுக்கு நண்பர் பார்த்தாலும் ஒன்றுதான், பார்க்காவிட்டாலும் ஒன்றுதான்.

இதை நிஜச் சாலையோடு வைத்துப் பாருங்கள். சாலைப் பாதுகாப்பை ஆராயும் 'ஏஏஏ' அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட ஆய்வு 16, 17 வயது ஓட்டுநர்களைப் பற்றியது. காரில் 21 வயதுக்குக் குறைந்த ஒருவர் ஏறினால், ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் அந்தப் பிள்ளை இறக்கும் அபாயம் 44 விழுக்காடு கூடுகிறது. இருவர் ஏறினால் இரண்டு மடங்கு. மூவரோ அதற்கு மேலோ ஏறினால் நான்கு மடங்கு. அதே காரில் 35 வயதைத் தாண்டிய ஒருவர் உட்கார்ந்தால் அபாயம் 62 விழுக்காடு குறைகிறது.

"வேகமா போகாதே" என்று நாம் சொல்லி அனுப்பும் புத்தி, நண்பன் கதவைத் திறந்து ஏறும் நிமிடத்தில் பின்னால் போய்விடுகிறது. பிள்ளை கெட்ட பிள்ளை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த வயது அப்படி. நண்பனின் பார்வைக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்றால், "ஏய், போனைக் கீழே வை" என்று அதே நண்பன் சொல்லும் சொல்லுக்கும் அவ்வளவு பலம் இருக்கும் அல்லவா? இந்தக் குழுக்கள் எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. என்னைக் கேட்டால், காரில் நாம் கவலைப்பட வேண்டிய இருக்கை ஸ்டீயரிங் இருக்கும் இருக்கை மட்டும் இல்லை, அதற்குப் பக்கத்து இருக்கையும்தான்.

இதை யார் தொடங்கினார்கள்?

பழையது 'சாட்'. 1981இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேலண்ட் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் பிறந்தது. ஒரு வாரத்துக்குள் இரண்டு மாணவர்கள் கார் விபத்தில் இறந்துபோனார்கள். அங்கே ஆசிரியராகவும் ஹாக்கி பயிற்சியாளராகவும் இருந்த ராபர்ட் அனஸ்டாஸ், மாணவர்களோடு உட்கார்ந்து பேசி இதைத் தொடங்கினார். 'குடித்துவிட்டு ஓட்டுவதை எதிர்க்கும் மாணவர்கள்' என்பது அப்போதைய பெயரின் பொருள். 1997இல் போதை, வன்முறை போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டு 'நாசமாக்கும் முடிவுகளை எதிர்க்கும் மாணவர்கள்' என்று மாறியது. எழுத்துகள் அதேதான், அதனால் 'சாட்' என்ற சுருக்கப் பெயர் நிலைத்துவிட்டது.

டெக்சாஸில் நாம் அதிகம் கேள்விப்படுவது 'டீன்ஸ் இன் தி டிரைவர் சீட்'. டெக்சாஸ் ஏ அண்ட் எம் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2002இல் தொடங்கியது. மேற்கு டெக்சாஸின் சான் ஏஞ்சலோ பள்ளிகளில்தான் முதலில் முயன்று பார்த்தார்கள். இப்போது பல மாநிலங்களில் நடக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கும் 'யூ இன் தி டிரைவர் சீட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது.

எந்தெந்த ஆபத்துகளைப் பற்றிப் பேசுகிறார்கள்?

ஐந்து: இரவில் ஓட்டுவது, கவனச் சிதறல், வேகம், சீட் பெல்ட் போடாதது, மது அல்லது போதை.

குடிதான் பெரிய ஆபத்து என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். "எங்க பையன் அதெல்லாம் தொடமாட்டான், அப்புறம் என்ன பயம்?" என்று பலர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பையன் தொடாமலே இருக்கட்டும். மற்ற நான்கும் நல்ல பிள்ளைகளுக்கும் நடப்பவை. இரவு பத்து மணிக்கு ரோபோ போட்டி முடிந்து களைப்போடு ஓட்டி வருவதும் ஆபத்துதான். பாட்டு மாற்றத் திரையைத் தொடுவதும் கவனச் சிதறல்தான். மணிக்கு 55 மைல் வேகத்தில் போகும் கார் ஐந்து நொடியில் 120 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஒரு குறுஞ்செய்தியைப் படிக்கும் நேரத்தில் ஒரு கால்பந்து மைதானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறோம். இங்கே ஹைவேயில் 75 மைல் சாதாரணம். ஆஸ்டினுக்குத் தெற்கே 130ஆம் எண் மாநிலச் சாலையின் ஒரு பகுதியில் 85 மைல் வரை போகலாம், இந்த நாட்டிலேயே அதுதான் அதிக வேக வரம்பு.

குழுவில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

போஸ்டர் ஒட்டுவார்கள், காலை அறிவிப்பில் பேசுவார்கள், சின்ன வீடியோ எடுப்பார்கள். அதெல்லாம் எல்லாக் குழுவும் செய்வதுதான். எனக்குப் பிடித்தது சீட் பெல்ட் கணக்கெடுப்பு.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி இருக்கும், இன்னும் முழுதாக விடியவில்லை. மாணவர் பார்க்கிங் வாசலில் என் மகளும் இன்னும் இரண்டு பேரும் அட்டையும் பேனாவுமாக நிற்கிறார்கள். நான் தள்ளி, பேருந்து நிற்கும் இடத்தில். காரோ பிக்கப்போ திரும்பி உள்ளே வரும்போது ஒருத்தி ஓட்டுநரைப் பார்க்கிறாள், ஒருத்தி பக்கத்து இருக்கையை, ஒருவன் பின் இருக்கையை. போட்டிருந்தால் ஒரு கோடு, போடாவிட்டால் ஒரு வட்டம். பெயர் இல்லை, வண்டி எண் இல்லை. யாரையும் மாட்டிவிடுவதற்காக இல்லை என்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள்.

நாலாவது வண்டியிலேயே சிக்கல். ஓட்டி வந்த பையன் இவர்களைப் பார்த்ததும் பெல்ட்டை இழுத்து மாட்டினான். "இது கோடா, வட்டமா?" என்று மூவருக்கும் வாக்குவாதம். கடைசியில் வட்டம் என்று முடிவாயிற்று. "நாம நிக்கிறதைப் பார்த்துப் போட்டான். ரோட்டுல போடல" என்றாள் என் மகள். அடுத்த நாள் கண்ணில் படாமல் மரத்தடிக்கு மாறினார்கள். மூன்று நாள் முடிந்து எண்ணிப் பார்த்தால் முன் இருக்கையில் பெரும்பாலும் கோடுகள், பின் இருக்கையில் வட்டங்கள். இத்தனைக்கும் 2009இலிருந்தே டெக்சாஸில் எல்லா இருக்கையிலும் பெல்ட் கட்டாயம். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அந்த ஆண்டுப் பிரச்சாரத்தைப் பின் இருக்கைக்கென்றே வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் மிட்டாய் கொடுத்தார்கள். பெல்ட் போட்டவருக்கு 'ஸ்மார்ட்டீஸ்', போடாதவருக்கு 'டம் டம்' குச்சி மிட்டாய். இந்த ஊர்ப் பள்ளிகளில் இது வழக்கமான விளையாட்டு, இரண்டு பெயர்களிலும் அறிவாளி, மக்கு என்ற அர்த்தம் ஒளிந்திருக்கிறது. பிறகு மறுபடி எண்ணினார்கள்.

பெரியவர்கள் திட்டம் போட்டிருந்தால் பொதுவாக "சீட் பெல்ட் அணிவீர்" என்று ஒரு பேனர் கட்டியிருப்போம். தங்கள் பள்ளியில் ஓட்டை எங்கே என்று அவர்களே எண்ணித் தெரிந்துகொண்டார்களே, அதுதான் இந்த முறையின் உயிர்.

நொறுங்கிய கார், ரத்தச் சாயம், போலிச் சவப்பெட்டி என்று நாடகம் போடுகிறார்களே, அதுவும் இதுதானா?

அது வேறு. 'ப்ராம்' என்ற மாணவர் நடன விருந்துக்கு முந்தைய வாரங்களில் பல பள்ளிகள் விபத்துக் காட்சியை நடித்துக் காட்டுகின்றன. பிள்ளைகள் அழுவார்கள். அன்றைக்கு மனதில் தைக்கும், பிறகு மங்கிவிடும். பயத்துக்கு ஆயுசு குறைவு. ஏற்கெனவே உறவைப் பறிகொடுத்த பிள்ளையை அந்தக் காட்சி மறுபடி காயப்படுத்தவும் கூடும். ஆண்டுக்கு ஒருநாள் அழ வைப்பதைவிட மாதம் ஒருமுறை நண்பர்கள் பேசிக்கொள்வதையே நான் விரும்புவேன்.

மகனுக்கு இப்போதுதான் 15 வயது. டெக்சாஸ் சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 15 வயதில் பயிற்சியில் சேர்ந்து லேர்னர் லைசென்ஸ் வாங்கலாம். அதைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். வண்டியில் முன் இருக்கையில் லைசென்ஸ் உள்ள, 21 வயது நிறைந்த பெரியவர் இருக்க வேண்டும். வகுப்பு நேரம் போக, பெரியவர் துணையோடு 30 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும், அதில் 10 மணி நேரம் இரவில். ஓட்டுநர் தேர்வுக்கு முன் 'இம்பாக்ட் டெக்சாஸ்' காணொளிப் பாடத்தை முடித்துச் சான்றிதழ் எடுத்துப் போக வேண்டும். 16 வயதில் கிடைப்பது தற்காலிக லைசென்ஸ்தான்.

18 வயதாகும் வரை கட்டுப்பாடு உண்டு. குடும்பத்தில் இல்லாத, 21 வயதுக்குக் குறைந்த ஒருவரை மட்டுமே ஏற்றலாம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஓட்டக்கூடாது. வேலை, பள்ளி நிகழ்ச்சி, மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கு விலக்கு. போனைத் தொடவே கூடாது, கையில் பிடிக்காமல் பேசுவதும் கூடாது, அவசர அழைப்பு மட்டும் விலக்கு.

ஒன்று மட்டும் என் கருத்தாகச் சொல்வேன். நள்ளிரவு என்பது ரொம்பத் தாமதம். வட கரோலினாவில் இந்தத் தடை இரவு 9 மணிக்கே தொடங்கிவிடுகிறது. சட்டம் 12 என்றால் வீட்டு விதி 10 என்று இருக்கலாம், அதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை. அதோடு அந்த 30 மணி நேரத்தைத் தாளில் மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மழையிலும் ஓட்டட்டும்.

என் மகளுக்கு லைசென்ஸே இல்லை. தோழியின் காரில்தான் போகிறாள். அவளுக்கு இந்தக் குழு எதற்கு?

அவளுக்குத்தான் முதலில் வேண்டும்.

ஓட்டுகிறவளுக்குச் சட்டம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, இன்சூரன்ஸ் கட்டணம் இருக்கிறது. பக்கத்தில் உட்காருகிறவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. "நீ ரொம்ப வேகமா போற" என்று சொல்ல ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். சொன்னால் பயந்தாங்கொள்ளி, அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள். அதனால் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவாள்.

குழுவில் இதை நடித்தே பழகுகிறார்கள். நாலு நாற்காலி போட்டால் அதுதான் கார். நட்பு கெடாமல் சொல்வது எப்படி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "போனை என்கிட்ட கொடு, நான் டைப் பண்றேன், நீ ஓட்டு." "எனக்குக் குமட்டுது, கொஞ்சம் மெதுவா போயேன்" என்பது நன்றாக வேலை செய்கிறதாம். தன் காரில் யாரும் வாந்தி எடுப்பதை எந்தப் பிள்ளையும் விரும்புவதில்லை. "எங்கம்மா மேப்ல பார்த்துட்டே இருப்பாங்க, என்னைத் திட்டுவாங்க" என்று பழியை அம்மா மேல் போடுவது இன்னொன்று. என் மேல் தாராளமாகப் போடட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு ரகசிய வாக்கியமும் உண்டு. "பாட்டிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மகளிடமிருந்து செய்தி வந்தால், நான் உடனே அவளை அழைத்து, "அவசரம், இப்பவே வீட்டுக்கு வரணும், எங்க இருக்க? நான் வரேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இதுவரை ஒரே ஒரு தடவை வந்தது. இரவு பதினொன்றரைக்கு ஒரு பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் போய் அவளை ஏற்றிக்கொண்டேன். காரில் ஏறியவள் பெல்ட்டை மாட்டிவிட்டு, வீடு வரும் வரை என் கையை விடவில்லை.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

மேலே சொன்ன கதையில் நான் ஒன்றைக் காப்பாற்றியாக வேண்டியிருந்தது: அந்த இரவு கேள்வி கேட்கக் கூடாது. 'சாட்' குழு தொடங்கிய காலத்திலேயே பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் ஒன்றை உருவாக்கினார்கள். தான் குடித்திருந்தாலோ, ஓட்டுகிறவர் குடித்திருந்தாலோ எந்த நேரமானாலும் பிள்ளை வீட்டுக்கு அழைக்கும். பெற்றோர் அந்த நேரத்தில் திட்டாமல் போய் அழைத்து வருவார்கள், பேச்செல்லாம் பிறகுதான். நம் வீடுகளில் இது கடினம். "யார் கூடப் போன? யாரெல்லாம் இருந்தாங்க?" என்று காரிலேயே தொடங்கிவிடுவோம். அப்படிச் செய்தால் அடுத்த முறை அழைப்பு வராது.

இரண்டாவது, நம் போன். நான் வேலைக்குப் போகும் நேரம் ஊரில் இரவு. அம்மா அப்போதுதான் கூப்பிடுவார். காரின் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே ஓட்டுவேன். ஒருநாள் மகள் பக்கத்தில் இருந்தாள். பேசி முடித்ததும் சொன்னாள்: "இதையே நான் செஞ்சா சட்டப்படி தப்பும்மா. உங்களுக்கு இல்ல. ஆனா ரோடு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?" அன்றிலிருந்து கிளம்புவதற்கு முன் வாசலில் வண்டியை நிறுத்தி வைத்தபடியே அம்மாவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுப் புறப்படுகிறேன். அம்மாவுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

படிப்பு கெடாதா?

மாதம் இரண்டு மூன்று மணி நேரம்தான். கல்லூரி விண்ணப்பத்திலும் எழுதலாம். ஆனால் அதற்காகவே சேர்க்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?

தனியாக எந்த ஒன்றும் போதாது. ஜார்ஜியாவின் டிகால்ப் கவுண்டியில் சுமார் 16,000 மாணவர்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. மிக நல்ல ஓட்டுநர் பயிற்சி கொடுத்தும் விபத்துகள் நிலையாகக் குறையவில்லை என்று 1980களில் தெரிந்தது. படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கும் முறை நியூசிலாந்தில் 1987இலும் இந்த நாட்டில் ஃபுளோரிடாவில் 1996இலும் வந்தது. அதில் கட்டுப்பாடுகள் வலுவாக உள்ள மாநிலங்களில் 16 வயது ஓட்டுநர்களின் உயிர்ப்பலி விபத்துகள் 38 விழுக்காடு குறைவு என்று 2007இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே சட்டம்தான் முதுகெலும்பு.

ஆனால் காருக்குள் போலீஸ் இல்லை. "ஒருத்தனைத்தான் ஏத்தலாம், நீ அடுத்த வண்டில வா" என்று சட்டத்தைக் காருக்குள் கொண்டுபோவது இன்னொரு பிள்ளைதான். 2000ஆம் ஆண்டு நவம்பர் 7க்குப் பிறகு டெக்சாஸ் சாலைகளில் ஓர் உயிராவது போகாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. என் மகள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கணக்கு அது.

எங்கள் பள்ளியில் இந்தக் குழு இல்லை. எப்படித் தொடங்குவது?

ஆர்வமுள்ள நாலைந்து பிள்ளைகள், சம்மதிக்கும் ஓர் ஆசிரியர். இந்த இரண்டும் கிடைத்தால் போதும். 'டீன்ஸ் இன் தி டிரைவர் சீட்' பள்ளிகளிடம் பணம் வாங்குவதில்லை, தேவையான பொருள்களையும் இலவசமாகவே தருகிறது. தலைமையாசிரியரிடம் கேட்கப் பெற்றோர் போக வேண்டாம், பிள்ளைகளே போகட்டும். சேரும் பிள்ளைகளும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் முதலாண்டு எல்லோரும் நன்றாகப் படிக்கும் அமைதியான பிள்ளைகள், அவர்கள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அமெரிக்கக் கால்பந்து ஆடும் இரண்டு பையன்கள் சேர்ந்த பிறகுதான் பார்க்கிங்கில் பேச்சு மாறியது.

தொடங்க நல்ல நேரம் அக்டோபர். அந்த மாதத்தின் மூன்றாவது வாரம் நாடு முழுக்கப் பதின்ம வயது ஓட்டுநர் பாதுகாப்பு வாரம்.

கோடை விடுமுறையில் குழு கூடாதே, அப்போது?

அதுதான் மோசமான காலம். மே கடைசியில் வரும் நினைவு நாளிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துத் தொழிலாளர் தினம் வரை உள்ள நாட்களை 'நூறு கொடிய நாட்கள்' என்றே இங்கே சொல்கிறார்கள், பிள்ளைகள் பகலிரவாகக் காரில் சுற்றும் நேரம் அது. எங்கள் பிள்ளைகள் போன கோடையில் வாட்ஸ்அப்பில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். யார் எங்கே கிளம்பினாலும் புறப்படும் முன் "பெல்ட்" என்று ஒரு சொல் போட வேண்டும், போய்ச் சேர்ந்ததும் "வந்தாச்சு". நடுவில் யாரும் யாருக்கும் எதுவும் அனுப்பக் கூடாது. இந்த ஆண்டு என் கணவரும் நானும் எங்களையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.